பெரிய துண்டு

"அந்தத் துண்டு பத்தாது. அது மூஞ்சிய மட்டும்தான் மூடும். தோள் வரைக்கும் வர்ற மாதிரி பெரிய துண்டா எடுத்துக்கோங்க" என்றாள் சரசா.

தினகரன் கையிலிருந்த வெள்ளைத் துண்டை அலமாரிக்குள்ளேயே திணித்தான். "நான் வரல. எனக்கு ஜுரம்னு சொல்லிடு."

"பொண்ணைக் குடுக்கப் போற ஊட்ல சம்பந்தியே செத்துக் கெடக்காரு. ஜுரம்னா எவன் நம்புவான்?"

"பேதின்னு சொல்லு."

"மாத்திரை போட்டுக்கினு வரச் சொல்லுவாங்க. கெளம்புங்க."

காலை ஆறு மணிக்கே குமணன்சாவடியிலிருந்து செய்தி வந்துவிட்டது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லோகநாதன் காலமாகிவிட்டார். தினகரன் மகள் ஜெயப்பிரியாவைக் கட்டிக்கொள்ளப் போகும் கோகுல்நாத்தின் அப்பா. பல் தேய்த்துவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தவர் காபி வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். நிச்சயதார்த்தம் முடிந்து சரியாகப் பத்தொன்பதாம் நாள்.

ஏழு மணிக்கு இரண்டாவது செய்தி வந்தது. அது முதலாவதைவிட மோசம். இறந்தவரின் அண்ணன் எத்திராஜ் வாசலில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "நிச்சயம் ஆன பத்தொம்பதாம் நாளே என் தம்பி போயிட்டான். இன்னா ராசி பாத்தியா இந்தப் பொண்ணு ராசி. காரியம் முடியட்டும், தட்டைத் திருப்பி அனுப்பிடறேன்" என்று பேசிக்கொண்டிருக்கிறாராம். கோகுல்நாத்தான் ஜெயப்பிரியாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான். கூடவே ஒரு வழியும் சொன்னான். "உங்க அப்பா வந்து நாலு பேர் முன்னாடி நல்லபடியா நின்னாருன்னா பெரியப்பா மனசு மாறிடும்."

ஜெயப்பிரியா அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். குளியலறை வாசலில் நின்று தினகரன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குக் கோகுல்நாத்தைப் பிடித்திருந்தது. அந்த வீட்டையே பிடித்திருந்தது.

நல்லபடியாக நிற்பது என்றால் வேறொன்றுமில்லை, அழுவது. உலகத்தில் தினகரனால் முடியாத ஒரே காரியம் அதுதான்.

அவனுக்குச் சாவு வீட்டில் சிரிப்பு வரும். புன்னகை இல்லை, சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, நாற்காலியிலிருந்து விழுகிற சிரிப்பு. ஏழாம் வகுப்பில் தலைமை ஆசிரியர் இறந்ததற்கு இரண்டு நிமிட மௌனம் என்றார்கள். ஒன்றரை நிமிடம்தான் தாக்குப்பிடித்தான். அன்று வாங்கிய பிரம்படியின் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், சொந்த மாமனார் சாவிலும் சிரித்தான். சரசா அதை இருபத்து மூன்று வருடங்களாக மறக்கவில்லை. குழம்பில் உப்பு குறைகிறது என்று சொன்னால்கூட அந்தச் சாவை எடுத்துவிடுவாள்.

துக்கம் இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. துக்கமும் பயமும் சேர்ந்து உள்ளே நெருக்கும்போது, அது அவனிடம் மட்டும் தப்பான வாசல் வழியாக வெளியே வந்துவிடுகிறது. உள்ளே இருப்பதை அப்படியே வெளியே காட்டுகிறவன்தான் உத்தமன் என்று சொல்கிறவர்கள் ஒருவரும் சாவு வீட்டில் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை.

அதனால்தான் துண்டு. முகத்தை மூடிக் குனிந்துவிட்டால் உள்ளே நடப்பது அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியாது. தோள் குலுங்குவது இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு தினகரன் முப்பது வருடம் ஓட்டிவிட்டான். ஓட்டியதோடு நல்ல பெயரும் எடுத்துவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை செய்யும் வால்வு கம்பெனியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், "தினகரனைக் கூட்டினு போங்கப்பா, மனசார அழுவறவன்" என்பார்கள்.

இந்தச் சம்பந்தம் அமைந்ததே அந்தப் பெயரால்தான்.

போன வருடம் கள்ளிக்குப்பத்தில் ஒரு சாவு. தினகரன் துண்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு குலுங்கினார். நடுவில் இவன் கையைப் பிடித்து இறுக்கவும் செய்தார். உண்மையாக அழுகிற மனிதர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறோமே என்று தினகரன் கூசிப்போனான். கூச்சத்தில் சிரிப்பு இன்னும் பொங்கியது. நல்லவேளையாகப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு கட்டைக் குரல்காரி ஒப்பாரி எடுத்து ஊரையே தூக்கினாள். அந்தச் சத்தத்தில்தான் அன்று தப்பித்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அதே பெரியவர் பூ பழத்தோடு பட்டாபிராம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என் பேரு லோகநாதன். குமணன்சாவடி. கள்ளிக்குப்பம் சாவுல நீங்க துண்டப் போட்டுக்கினு குலுங்கினது இன்னும் என் கண்ணுலயே கீது. விசாரிச்சேன், பொண்ணு கீதுன்னாங்க. சம்பந்தம் பண்ணா இந்த மனுசன் ஊட்லதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் மீசை துடித்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிப் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று அன்றிலிருந்து அவனுக்கு உள்ளுக்குள் ஒரு முள்.

இப்போது அந்த மனிதர் சாவிலேயே சிரிக்கப் போகிறான்.

"ஆட்டோ வந்துட்ச்சி" என்றாள் சரசா.

ஆட்டோ, பக்கத்துத் தெரு ஹாஜா மொய்தீனுடையது. தினகரனோடு ஒன்றாகப் படித்தவன். தலைமை ஆசிரியர் மௌனத்தின்போது பக்கத்தில் நின்றவன். சரசாவைத் தவிர இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"பயப்படாத மாமே, நான் கீறேன்ல" என்றான் ஹாஜா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "சரசாக்கா, இன்னா ஏற்பாடு?"

சரசா பையைத் திறந்தாள். கொடியில் துணி மாட்டுகிற கிளிப் ஒன்று, பச்சை மிளகாய் நாலு. "கிளிப்ப சட்டைக்குள்ள இடுப்புச் சதையில மாட்டிக்கணும். வலியில சிரிப்பு வராது. அதையும் மீறி வந்தா மொளகாயக் கடிச்சிக்கணும்."

"கண்ணுல தண்ணி வர வேணாமா? மூடின துண்ட எடுத்தா மூஞ்சி காஞ்சி போய் கீதுன்னு எவனாவது கேப்பான்." ஹாஜா சட்டைப் பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்துப் பின்னால் நீட்டினான். "கண்ணுக்குக் கீழ ஒரு பொட்டு. ஒரே ஒரு பொட்டுதான், நைனா."

மடியில் ரோஜா மாலை, இடுப்பில் கிளிப், விரலில் தைலத்தோடு தினகரன் ஒரு பொட்டு வைக்கப் போனான். சரியாக அந்த நேரம் பருத்திப்பட்டு வேகத்தடை வந்தது. ஹாஜா அதை வேகத்தடையாகவே மதிக்கவில்லை.

விரல் இமைக்குக் கீழே போகாமல் இமைக்கு உள்ளே போனது. துடைக்கிறேன் என்று சரசா இழுத்ததில் மற்ற கண்ணிலும் ஏறியது. சென்னீர்குப்பம் வரும்போது தினகரனுக்கு உலகமே தெரியவில்லை.

"கண்ணு எரியுதுடி."

"எரியட்டும். இப்பத்தான் சம்பந்தி மாதிரி கீறீங்க."

குமணன்சாவடியில் பந்தலுக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாத தினகரனை ஹாஜா கையைப் பிடித்து இறக்கினான். துக்க வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டுவார்கள், வருகிறவர்கள் அந்தக் கைகளைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். இது தினகரனுக்குத் தெரியும். வரிசை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை. எதிர்ப்பட்ட கையையெல்லாம் தொட்டான். வரிசை முடிந்த பிறகும் தொட்டான். பந்தல்காரர் கையைத் தொட்டான். மைக் செட்டுக்காரர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கையைத் தொட்டு, அவரை அப்படியே கட்டிப்பிடித்து, "எப்படி நடந்துச்சி, நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தாரு" என்று கேட்டான்.

"எங்கிட்ட எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சி சார், ஸ்பீக்கர் ஒண்ணுதான் கொர்ருன்னுது" என்றார் மைக் செட்டுக்காரர்.

தினகரனின் வயிற்றுக்குள் முதல் குமிழி கிளம்பியது. சட்டென்று துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

"பாத்தியா, கண்ணே தெரியாத அளவுக்கு அழுதுகினு வந்துருக்காரு" என்றது ஒரு குரல்.

"பட்டாபிராம்லேர்ந்து வழி முச்சூடும் அழுதாரு" என்றான் ஹாஜா, நண்பனுக்கு உதவியாக.

அந்த உதவிதான் வினையாக முடிந்தது. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து துண்டுக்குள் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு ஓடிவிடலாம் என்பது தினகரனின் திட்டம். ஆனால் எத்திராஜ் வந்துவிட்டார். உயரமான மனிதர். தினகரனின் வீங்கிச் சிவந்த கண்களைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"இந்தாளை ஏன் கடைசில உக்கார வெச்சிருக்கீங்க? தம்பி தலைமாட்டுல கொண்டாந்து உக்கார வைங்கடா."

தலைமாடு என்றால் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். பெட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். பெண்களுக்கு நடுவில், தினகரனுக்கு நேர் எதிரே, லோகநாதனின் மனைவி கன்னியம்மாள்.

கண் எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் தினகரன் அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையாம். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் கிசுகிசுத்தது இவன் காதில் விழுந்தது.

"பூந்தமல்லியிலேர்ந்து காட்டுப்பாக்கம் வரைக்கும் எந்தச் சாவுன்னாலும் இந்தம்மா ஒப்பாரிதானே எடுப்பா இருக்கும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அப்பிடியொரு எளகின மனசு. அவரு துண்ட எடுத்தாருன்னா இந்தம்மா கொரல எடுக்கும்."

"இன்னிக்கி சொந்தப் புருசனுக்கு வாயத் தொறக்கல பாரு. இப்பிடியே அடக்கினா நெஞ்சு அடச்சிக்கும். எப்பிடியாச்சும் அழ வெச்சிடணும்."

அழாத கன்னியம்மாள் பேசாமல் ஒரே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். தினகரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டையும், தோளையும், மறுபடி துண்டையும் பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று தினகரனுக்கு உறைத்தது. ராசி சரியில்லை என்று எத்திராஜ் சொன்னதைக்கூடச் சமாளித்துவிடலாம். என் புருஷன் பிணத்துக்கு முன்னால் சிரித்தவன் என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் ஜெயப்பிரியாவின் கதி என்ன ஆவது? பயம் வந்தது. பயம் வந்தால் தினகரனுக்கு என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து மிளகாயை எடுத்துத் துண்டுக்குள் கடித்தான். சரசா வாங்குகிற மிளகாய் சும்மா இருக்குமா? தொண்டை பற்றிக்கொண்டது. சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் விக்கல் ஆரம்பித்தது.

"விக்கி விக்கி அழுவறாரு பாருங்க" என்றார் ஒருவர். "யாராச்சும் சோடா குடுங்கப்பா."

சோடா வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவனின் வாயில் அவர்களே ஊற்றினார்கள். விக்கலோடு சோடா மூக்கில் ஏறியது. துள்ளினான். துள்ளிய துள்ளலில் இடுப்புக் கிளிப் சதையைக் கவ்விக்கொண்டே பிய்ந்து தெறித்தது. "ஐயோ அம்மா" என்று அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் தானாக வந்தது.

அவ்வளவுதான். அதுவரை சோர்ந்துபோயிருந்த பெண்கள் பக்கம் மொத்தமும் அந்த அலறலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தது. கோகுல்நாத் ஓடிவந்து வருங்கால மாமனாரைக் கட்டிக்கொண்டு அழுதான். மேளக்காரர்களில் வயதான ஒருவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழாமல் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஐஸ் பெட்டிக்குள் இருந்தவர், கன்னியம்மாள், தினகரன்.

கன்னியம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

தூரத்தில் சரசா கையை விரித்து, போதும், நிறுத்து என்று சைகை காட்டினாள். எதை நிறுத்துவது என்று தினகரனுக்குத் தெரியவில்லை.

எடுக்கிற நேரம் நெருங்கியது. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து மாலை போட்டு, மைக்கில் இரண்டு வார்த்தை பேசினார்கள். இனி சங்கு ஊத வேண்டியதுதான், தப்பித்தோம் என்று தினகரன் மூச்சு விட்டபோது எத்திராஜ் மைக்கைப் பிடித்தார்.

"என் தம்பிக்காக இன்னிக்கி என்னைவிட அதிகமா அழுதது ஒருத்தருதான். கடைசியா அவரு பேசட்டும். சம்பந்தி, வாங்க."

"எனக்குப் பேச வராது" என்றான் தினகரன், துண்டுக்குள்ளிருந்து.

"அழுதுகினே பேசுங்க. தப்பில்ல."

நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கையில் மைக்கைத் திணித்தார்கள். பேச வேண்டுமானால் துண்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தான். முந்நூறு பேர் அவன் வாயையே பார்த்தார்கள். ஐஸ் பெட்டியைப் பார்த்தால் ஆபத்து. கன்னியம்மாளைப் பார்த்தால் அதைவிட ஆபத்து. ஆளே இல்லாத இடமாகப் பார்ப்போம் என்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

மேலே, பந்தல் முகப்பில், அவனே இருந்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனர். நடுவில் லோகநாதன் படம். சுற்றிலும் துயரத்தில் வாடும் உறவினர்களின் சின்னச் சின்னப் படங்கள். அவசரத்தில் பேனர் கடைக்காரர் எல்லாப் படங்களையும் நிச்சயதார்த்த பேனரிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அதனால் துயரத்தில் வாடுகிறவர்கள் அத்தனை பேரும் பட்டு வேட்டியில் பல்லெல்லாம் தெரிய நின்றார்கள். கடைசிப் படத்தில், லோகநாதனே ஊட்டிவிட்ட குலோப் ஜாமூனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்கள் இடுங்க, வாய் காது வரை போகச் சிரித்துக்கொண்டிருந்தான் தினகரன். கீழே, 'துக்கம் தாளாமல் தவிக்கும் சம்பந்தி' என்று போட்டிருந்தது.

முப்பது வருடமாகத் துண்டுக்குள் ஒளித்து வைத்த முகம். பந்தல் உயரத்தில், எல்லோரும் பார்க்கும்படி.

"லோகநாதன் அய்யா" என்று ஆரம்பித்தான். "லோகநாதன் அய்யா எனக்கு..."

அதற்கு மேல் முடியவில்லை. முதல் 'ஹி' கிளம்பி மைக்கில் விழுந்தது. கொர்ரென்று இருந்த ஸ்பீக்கர் அதை வாங்கி, பெங்களூர் நெடுஞ்சாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டம் நிமிர்ந்தது. எத்திராஜின் புருவம் மேலே ஏறியது. இரண்டாவது 'ஹி' தொண்டையில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஆயிரம் வரிசை கட்டி நிற்பது தினகரனுக்குத் தெரிந்தது. முடிந்தது. ஜெயப்பிரியாவின் கல்யாணம், இவன் மானம், சரசாவின் அடுத்த இருபத்து மூன்று வருடம், எல்லாம் இந்த ஒரு நொடியில் போகப் போகிறது. வாய் திறந்தது. சிரித்துவிட்டான்.

அதே நொடியில் கன்னியம்மாள் குரல் எடுத்தாள்.

"என்ன ஆண்ட ராசாவே..."

அது குரல் இல்லை, இடி. காகங்கள் எழுந்து பறந்தன. மைக்கில்லாமலே மைக்கை விழுங்கிவிட்டது அந்தக் குரல்.

"சாவடி ரோட்டுல சைக்கிள்ல போனவரே, நான் காபி ஆத்துற நேரத்துக்குள்ள கண்ண மூடிப் போனவரே, ஊரு சனம் கூடி நிக்க, உன் சத்தம் மட்டும் காணலியே..."

மார்பில் அடித்துக்கொண்டாள். பெட்டியில் அடித்தாள். தினகரன் பக்கம் திரும்பி, அவன் சிரிப்பு ஏறுகிற போதெல்லாம் இவளும் குரலை ஒரு படி ஏற்றினாள். அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவளும் நின்றாள். அவன் மறுபடி ஆரம்பித்ததும் மறுபடி எடுத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும், "அழுதுட்டா, அழுதுட்டா, இனி பயமில்ல" என்று அவள் பக்கம் ஓடியது. தினகரன் மைக்கைப் போட்டுவிட்டுத் துண்டுக்குள் புகுந்துகொண்டான்.

உள்ளே போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தான். துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. தைலம் எப்போதோ காய்ந்து போயிருந்தது. குலோப் ஜாமூனை ஊட்டிவிட்டு, "இன்னும் ஒண்ணு துன்னுங்க சம்பந்தி" என்று முதுகில் தட்டிய அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. இனி அந்தக் கை வராது. சிரித்துக்கொண்டே அழுதான். அவன் வாழ்க்கையில் சாவு வீட்டில் அழுதது அதுதான் முதல் தடவை.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்ததும் எத்திராஜ் தினகரனின் தோளில் கை போட்டார்.

"சம்பந்தி, நீங்க ரெண்டு வார்த்தைகூடப் பேசல. ஆனா எங்க கன்னிமா வாயத் தொறந்துச்சே, அது உங்களாலதான். காலையில நான் ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க. பதினாறு முடிஞ்சதும் தேதி குறிச்சிடலாம். நானே முன்ன நின்னு நடத்தறேன்."

தினகரன் தலையாட்டினான். சந்தோஷத்தில் துள்ள வேண்டிய மனது துள்ளவில்லை. உள்ளே இருந்த முள் இப்போது ஆணியாகியிருந்தது.

குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வீட்டில் ஏற்றி வைத்த விளக்கைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அதுதான் முறை. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சரசா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஜெயிச்சாச்சு. வாயத் தொறக்காம நடங்க."

ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் கன்னியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தினகரன் சட்டையை விடுவித்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"சம்பந்திம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆவணும். அப்புறம் நீங்க இன்னா முடிவு எடுத்தாலும் சரி. மைக்குல நான் அழல."

பின்னால் சரசா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்தக் கோளாறு. சாவு ஊட்ல சிரிப்பு வந்துடும். துண்டப் போட்டு மூடிக்குவேன், எல்லாரும் அழுவறேன்னு நெனச்சிக்குவாங்க. கள்ளிக்குப்பத்துலயும் சிரிச்சிகினுதான் இருந்தேன். உங்க ஊட்டுக்காரரு அதப் பாத்து, அழுவற மனுசன்னு நம்பி, தேடினு வந்து சம்பந்தம் பேசினாரு. அவரை ஏமாத்திட்டேன். பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல, எல்லாம் என் தப்புதான்."

கன்னியம்மாள் அவன் தோளில் கிடந்த பெரிய துண்டின் முனையை இழுத்து, தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. அன்று முதல் தடவையாக அவள் உதடு லேசாக விரிந்தது. கண்ணில் நீர் இறங்கியது.

"கள்ளிக்குப்பத்துல உங்க பக்கத்துல துண்டப் போத்திக்கினு குலுங்கினாரே, அவரு மட்டும் அழுதாருன்னா நெனச்சிகினு கீறீங்க? நாப்பத்தோரு வருசமா அந்தாளு சிரிப்ப மூடறதுக்குத்தான் தம்பி, நான் ஒப்பாரியே கத்துக்கினேன்."